முதுகைக் கடித்த கொசுவும் ஹேமக் வலையும்

முதல் இரவு

ஹேமக், அதாவது இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை, வாங்கியபோது அதோடு வலை வரவில்லை. வலைதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று, கவுனுக்கு வைத்துத் தைக்கும் வெள்ளை நெட் துணி வீட்டில் கிடந்ததை மடித்து எடுத்துப்போனேன். ஹேமக்குக்கு மேலே இரண்டு மரத்துக்கும் குறுக்கே ஒரு கயிறு, அதன்மேல் துணி, இரு பக்கமும் தரை தொடும்படி தொங்கல். குழந்தைத் தூளியின் மேல் சேலையைப் போர்த்திவிட்டது மாதிரி இருந்தது.

நள்ளிரவில் காற்று கிளம்பியதும் துணி ஒரு பக்கமாக ஒதுங்கி முழங்கையில் ஒட்டிக்கொண்டது. இழுத்துவிட்டேன், மறுபடி ஒட்டியது. விடிந்து பார்த்தால் முழங்கையில் மூன்று தடிப்பு. அது புரிந்தது, தோலைத் தொடும் வலை வலையே இல்லை. புரியாதது முதுகுதான். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை பதினாலு.

துணியின் துளை பெரிது என்று முடிவுகட்டினேன். முதுகைப் பொறுத்தவரை அது தப்பான முடிவு. ஆனாலும் அந்தச் சாக்கில் துளையை எண்ணப் பழகிக்கொண்டேன்.

துளை எண்ணுவது

அட்டையில் ஒரு செ.மீ. சதுரத்துக்கு ஓட்டை வெட்டி வலைமேல் வைத்து, பின்னால் வெளிச்சம் வரும்படி பிடித்து, போனில் கிட்டப்போய்ப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் எண்ணிவிடலாம். கட்டில் கொசுவலைக்கு ஒரு சதுர அங்குலத்தில் 156 துளை என்பது வெகுகாலமாகப் புழங்கும் அளவு. சதுர செ.மீ.க்கு மாற்றினால் ஏறக்குறைய 24. துளை ஒவ்வொன்றும் 1.2 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கும். கொசுவைத் தடுக்க அது போதும். என் நெட் துணியில் 19தான் வந்தது. போதாக்குறைக்கு இழுத்தால் துளை ஒரு பக்கமாக நீண்டுகொண்டது.

இரண்டாம் இரவு

பழைய கட்டில் வலையைப் பிரித்து அதே மாதிரி போர்த்தினேன். ஓரம் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கல். பக்கவாட்டிலும் கயிறு கட்டி வலையை விரித்துவிட்டதால் கையில் ஒட்டவில்லை, கையில் கடியும் இல்லை. முதுகில் பதினொன்று!

விடிகாலையில் இறங்கிக் குனிந்து ஹேமக்கின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வயிறு சிவந்த கொசுக்கள் நான்கு, விருந்து முடிந்த களைப்பில் துணியிலேயே உட்கார்ந்திருந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவற்றுக்கு வாசல் மாதிரி. உள்ளே வந்தவை என்னைத் தேடி மேலே பறக்கவே இல்லை. கீழேயே வேலை முடிந்துவிட்டது.

கட்டிலில் படுத்தால் முதுகை மெத்தை காக்கிறது, அதனால் நாம் அதை நினைப்பதே இல்லை. ஹேமக்கில் முதுகுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருப்பது ஒற்றை மடிப்பு நைலான். உடம்பின் பாரத்தில் அது தோலோடு இறுகிக்கிடக்கும். கொசு தன் ஊசியை இழைகளுக்கு நடுவே விட்டு நேராகக் குத்திவிடுகிறது. இரண்டு நாளாக நான் மேலே துளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாற்று வழிகளை யோசித்தேன். இரட்டை மடிப்பு ஹேமக் வாங்கி நடுவே பாய் செருகலாம். ஆனால் இருக்கும் ஹேமக் நன்றாகத்தான் இருக்கிறது, பாயும் இரவெல்லாம் வழுக்கும். அடியில் தொங்கவிடும் மெத்தைப் போர்வை உண்டு, குளிர்காலத்துக்குச் சரி, புழுக்கத்தில் வேக வேண்டியதுதான். உடைகளில் அடிக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் மருந்தை ஹேமக்கின் வெளிப்பக்கம் தெளித்துக் காயவிடுவோரும் உண்டு. என் வீட்டில் ஹேமக்கை விரித்தால் முதலில் ஏறிப் படுப்பது பூனை. பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய விஷம், மீனுக்கும் அப்படியே. அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

மிச்சம் ஒரே வழி: வலை ஹேமக்கை அடியிலும் சுற்றி வர வேண்டும், துணியைத் தொடாமல் தள்ளித் தொங்க வேண்டும்.

தலையணை உறை

அதே கட்டில் வலையைக் குழாய் மாதிரி தைத்தேன். ஹேமக்கை அதற்குள் நுழைத்து, இரண்டு முனையையும் நாடாவால் இறுக்கினால் தலையணைக்கு உறை போட்டதுபோல் ஆகிவிடும். அடிப்பக்கம் ஒரு சாண் தொங்கல் விட்டிருந்தேன். அன்றைக்கு முதுகில் ஒரு கடிகூட இல்லை. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

இடைஞ்சல் ஒன்றுதான். நடுராத்திரி இறங்க வேண்டுமென்றால் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்து, வலையைக் கால்வரை சுருட்டித் தள்ளி, திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். இருட்டில் இதை ஒருமுறை செய்தவர் மறுமுறை விடியும்வரை அடக்கிக்கொள்வார்.

அடுத்த முறை ஓடை ஓரமாகக் கட்டியதில் இன்னொன்று தெரிந்தது. மாலை மங்கும் நேரம், உறைக்குள் பத்திரமாகப் படுத்திருக்கிறேன், நெற்றியிலும் காதோரத்திலும் நெருப்புப்பொறி விழுந்த மாதிரி சுரீர் சுரீர் என்கிறது. லைட் அடித்தால் மிளகாய்த்தூள் அளவில் கரும்புள்ளிகள். கடி ஈக்கள். நீளமே 1 முதல் 3 மி.மீ., உடம்பின் அகலம் அதைவிடக் குறைவு. கட்டில் வலையின் துளை அவற்றுக்குத் திறந்த கதவு. முதல் நாள் துளையைக் குறைசொன்னது இந்த இடத்துக்குத்தான் பொருந்தும்.

இப்போதைய வலை

இந்தச் சின்ன ஈக்களுக்கென்றே நோசீயம் என்ற பெயரில் நெருக்க வலை வருகிறது. நான் வாங்கியதில் சதுர செ.மீ.க்கு 150 தாண்டி எண்ணியபின் கண் பூத்துவிட்டது. சதுர மீட்டருக்குச் சுமார் 17, 24, 30 கிராம் என எடை வாரியாகக் கிடைக்கிறது. 17 கிராம் துணி கையில் இருப்பதே தெரியாது, ஆனால் ஒரு முள் பட்டால் போச்சு. 24 எடுத்தேன்.

நிறத்தில் யோசிக்கவே வேண்டாம், கறுப்பு. வெள்ளை இழை வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணுக்கு அனுப்புகிறது. வெயிலில் உள்ளிருந்து பார்த்தால் எல்லாம் பனிமூட்டம். கறுப்பு வலைக்குள் படுத்தால் இலை இலையாகத் தெரிகிறது.

நெருக்க வலையில் காற்று குறைகிறது என்பது மெய்தான். புழுக்கமான இரவில் கட்டில் வலைக்கும் இதற்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கொசு மட்டும் இருக்கும் இடத்துக்கு நான் இன்னமும் பழைய உறையைத்தான் எடுத்துப்போவேன்.

அளவு: ஹேமக் 335 செ.மீ. ஹேமக்கின் இரு முனைகளையும் மேலே இணைத்துக் கட்டும் ரிட்ஜ்லைன் கயிறு அதில் 83 சதவீதம், அதாவது 278. அந்தக் கயிறு இருந்தால் ஹேமக்கின் தொய்வு எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்பதால் வலைக்கும் அதையே அடிப்படையாக எடுத்தேன். 280க்கு 150 செ.மீ. துண்டு இரண்டு. மேல் ஓரத்தையும் இரண்டு முனைகளையும் தைத்துவிட்டு, அடியை மட்டும் திறந்துவிட்டேன். திறந்த ஓரத்தில் மடிப்பு வைத்து நாடா கோர்த்தால் சுருக்குப்பை தயார். ஜிப் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தேன். மெல்லிய வலையில் ஜிப் தைப்பது என் கைக்கு அடங்காத வேலை, மணல் புகுந்தால் முதலில் மக்கர் செய்வதும் அதுதான்.

தையல்தான் பொறுமையைச் சோதித்தது. மிஷினில் ஏற்கெனவே மாட்டியிருந்த 16ஆம் நம்பர் ஊசி வலையைக் குத்திக் கீழே பற்களுக்குள் இழுத்துக்கொண்டது. முதல் ஒரு சாண் நீளம் கந்தல். 9ஆம் நம்பர் ஊசிக்கு மாறி, வலைக்கு அடியில் மெல்லிய டிஷ்யூ தாள் வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்தேன், பிறகு தாளைக் கிழித்துவிட்டேன். குண்டூசி வைத்தால் வலையில் நிற்காமல் நழுவுகிறது, துணி கிளிப்பே மேல். நூல் பாலியஸ்டர். ரிட்ஜ்லைன் ஓரத்தில் மட்டும் பட்டி நாடா வைத்து இரட்டைத் தையல், இழுவை முழுக்க அங்கேதான். முனை மூலைகளைச் சரிவாக வெட்டியபின் நாடாவோடு சேர்த்து 210 கிராம் நின்றது.

அடிவழியாக நுழைவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். குனிந்து வளையத்துக்குள் தலைவிட்டு நிமிர்ந்து, ஹேமக்கில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, பிறகு ஓரமாகக் கைவிட்டு நாடாவை இழுக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியில் ஹெட்லைட் எரியவே கூடாது.

ஓடை ஓரமாகவே மறுபடி நான்கு இரவு படுத்தாயிற்று. முதுகில் ஒன்றுமில்லை, நெற்றியில் ஒன்றுமில்லை. மூன்றாம் இரவு மட்டும் என்னோடு ஒரு கொசு உள்ளே வந்துவிட்டது. அதை அடிக்கக் கை வீசும்போதெல்லாம் ஹேமக் ஆடியது, அது தப்பியது. வரும் வாரம் நாடாவைக் கழற்றிவிட்டு எலாஸ்டிக் போட்டுப் பார்க்கப்போகிறேன். கை எடுத்ததும் வாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.