கறாரான மனிதர் ஃபிரெட் ரோஜர்ஸ்

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1968 பிப்ரவரி 19 அன்று தொடங்கி 2001 ஆகஸ்ட் 31 அன்று முடிந்த ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தையே எழுதுகிறார்கள்: அதை நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ் எவ்வளவு நல்லவர், எவ்வளவு அன்பானவர் என்பதை. அவர் நல்லவர்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவரைப் புனிதராக்கிவிட்டால் அவர் செய்த வேலையை யாரும் தம்மால் செய்ய முடியும் என்று நினைக்கமாட்டார்கள் என்று அவருடைய மனைவி ஜோவான் ரோஜர்ஸே கவலைப்பட்டிருக்கிறார். நான் அந்த நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவன் அல்ல. மகளுக்காகத் தேடிப் பார்க்கத் தொடங்கி, அவளுக்கு ஆர்வம் குறைந்த பிறகும் நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன். அப்படிப் பார்த்தபோது அந்த மனிதரிடம் எனக்கு அன்பைவிட முதலில் தென்பட்டது அவருடைய கறார்தான்.

பென்சில்வேனியாவின் லேட்ரோப் ஊரில் 1928-இல் வசதியான குடும்பத்தில் பிறந்த ரோஜர்ஸ், கல்லூரியில் படித்தது இசை. படிப்பு முடியும் தறுவாயில் பெற்றோர் வீட்டுக்கு வந்தபோது அங்கே புதிதாக வந்திருந்த தொலைக்காட்சிப் பெட்டியில், ஆட்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் உணவுப் பண்டத்தை வீசி அடித்துச் சிரிப்பதைப் பார்த்தார். இவ்வளவு அருமையான கருவியை இப்படியா பயன்படுத்துவது என்ற எரிச்சலில்தான் அந்தத் தொழிலுக்குள் நுழைந்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1951-இல் நியூயார்க்கில் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தில் சேர்ந்து, இசை நிகழ்ச்சிகளில் தளப் பணிகளைக் கற்றுக்கொண்டார். அங்கே நல்ல எதிர்காலம் இருந்தும், 1953-இல், இன்னும் ஒளிபரப்பே தொடங்காத டபிள்யூ.க்யூ.இ.டி. என்ற கல்வித் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்க்கப் பிட்ஸ்பர்குக்குப் போனார். சுற்றியிருந்தவர்கள் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நிலையத்தில் 1954-இல் தொடங்கிய ‘சில்ட்ரன்ஸ் கார்னர்’ நிகழ்ச்சியில் அவருடைய முகம் தெரியாது. கேமரா முன் நின்றவர் ஜோசி கேரி. ரோஜர்ஸ் திரைக்குப் பின்னால் பொம்மைகளை ஆட்டினார், அவற்றுக்குக் குரல் கொடுத்தார், ஆர்கனும் வாசித்தார். நிலைய மேலாளர் டோரதி டேனியல் பரிசாகக் கொடுத்த புலிப் பொம்மைக்கு அவர் பெயரையே வைத்து ‘டேனியல்’ ஆக்கியதும் அப்போதுதான். நிகழ்ச்சி நேரலை என்பதால் ஆர்கனிலிருந்து பொம்மை மேடைக்குச் சத்தமில்லாமல் ஓட வேண்டியிருந்தது. அதற்காக அவர் கான்வாஸ் காலணி அணியத் தொடங்கினார். பிற்காலத்தில் அவருடைய அடையாளமாகவே ஆகிப்போன அந்தக் காலணி, தேவைக்காக வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் நடுவே, மதிய உணவு இடைவேளைகளில் இறையியல் கல்லூரிக்குப் போய்ப் படித்து, 1963-இல் பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகராகப் பட்டம் பெற்றார். ஊடகத்தின் வழியே குழந்தைகளுக்குப் பணியாற்றுவதே சபை அவருக்கு ஒப்படைத்த ஊழியம். ஆனாலும் நிகழ்ச்சியில் அவர் ஒருநாளும் பிரசங்கம் செய்ததில்லை.

அவரைக் கேமரா முன் கொண்டுவந்து நிறுத்தியது கனடா. அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி.யில் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஃபிரெட் ரெயின்ஸ்பெரி, ‘நீங்கள் குழந்தைகளிடம் பேசும் விதத்தைப் பார்த்திருக்கிறேன், அதையே திரையில் செய்யுங்கள்’ என்ற பொருள்படச் சொல்லி அவரை டொரொண்டோவுக்கு அழைத்தார். ரோஜர்ஸ் தன்னோடு எர்னி கூம்ஸ் என்ற பொம்மலாட்டக் கலைஞரையும் கூட்டிச் சென்றார். சில ஆண்டுகளில் ரோஜர்ஸ் பிட்ஸ்பர்க் திரும்ப, கூம்ஸ் அங்கேயே தங்கி, 1967 முதல் 1996 வரை ‘மிஸ்டர் டிரெஸ்ஸப்’ என்ற பெயரில் கனடாவின் குழந்தைகளுக்குச் சுமார் 4000 நிகழ்ச்சிகளை நடத்தினார். இரண்டு நாடுகளின் இரண்டு நீண்ட தொலைக்காட்சி வாழ்க்கைகள் ஒரே பயணத்தில் முளைத்தவை என்பது கனடாவுக்கு வெளியே அதிகம் பேசப்படாத செய்தி.

நிகழ்ச்சியின் அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய மாறவே இல்லை. அவர் பாடிக்கொண்டே வீட்டுக்குள் வருவார், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஸ்வெட்டர் போடுவார் (பல ஸ்வெட்டர்கள் அவருடைய தாயார் பின்னியவை), உட்கார்ந்து காலணி மாற்றுவார், மீன்களுக்கு உணவு போடுவார். பிறகு ஒரு சிறிய டிராம் வண்டி சுரங்கத்துக்குள் நுழையும். அதற்கு அப்பால் பொம்மை ராஜாவும் பூனையும் ஆந்தையும் வாழும் கற்பனை நாடு. அந்த நாட்டுக்குள் ரோஜர்ஸ் ஒருபோதும் கால் வைத்ததில்லை. எது நிஜம், எது கற்பனை என்ற கோடு குழந்தைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார். மீனுக்கு உணவு போடும்போது அதை வாய்விட்டுச் சொல்வது எதற்கென்றால், பார்வையற்ற சிறுமி ஒருத்தி, அவர் சொல்லாவிட்டால் மீன்கள் பட்டினி கிடக்கின்றனவோ என்று கவலைப்படுவதாக அவருக்குக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து சொல்லத் தொடங்கினார். பின்னணியில் ஜானி கோஸ்டா வாசித்த பியானோவும் பதிவு செய்து ஒட்டப்பட்டதல்ல. தேர்ந்த ஜாஸ் கலைஞரான அவர் படப்பிடிப்புத் தளத்திலேயே அமர்ந்து, ரோஜர்ஸின் நடைக்கும் அமர்வுக்கும் ஏற்ப உடனுக்குடன் வாசித்தார். குழந்தைகள்தானே கேட்கிறார்கள் என்று அவர் எளிமைப்படுத்தி வாசித்ததே இல்லை.

ஆனால் உண்மையான உழைப்பு எழுத்து மேசையில் நடந்தது. பெரும்பாலான வசனங்களையும் சுமார் 200 பாடல்களையும் எழுதியது அவரே. எழுதியவற்றை எடுத்துக்கொண்டு, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை உளவியல் அறிஞர் மார்கரெட் மெக்ஃபார்லண்டிடம் வாரந்தோறும் போய் உட்காருவார். 1988-இல் மெக்ஃபார்லண்ட் இறக்கும் வரை இந்தச் சந்திப்பு தொடர்ந்தது. ஏற்கெனவே புகழ் பெற்றுவிட்ட ஒரு மனிதர் பல பத்தாண்டுகள் ஆசிரியரிடம் பாடம் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது, அவரைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி.

அவர் ஒரு வாக்கியத்தை எப்படிச் செதுக்கினார் என்பதை அவருடன் பணியாற்றிய ஆர்தர் கிரீன்வால்டும் பாரி ஹெட்டும் 1977-இல் பாதி வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ‘தெருவில் விளையாடுவது ஆபத்து’ என்று குழந்தையிடம் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதை எதிர்மறை இல்லாமல் மாற்ற வேண்டும்: ‘பாதுகாப்பான இடத்தில் விளையாடு.’ எது பாதுகாப்பான இடம் என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியாது, ஆகவே ‘எங்கே விளையாடலாம் என்று அப்பா அம்மாவிடம் கேள்.’ இது கட்டளையாக இருக்கிறது, ஆகவே ‘அப்பா அம்மா சொல்வார்கள்.’ சொல்வார்கள் என்று நாம் எப்படி உறுதி கூற முடியும்? ‘சொல்லக்கூடும்.’ அப்பா அம்மா இல்லாத குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாமே? ‘உனக்குப் பிடித்த பெரியவர்கள் சொல்லக்கூடும்.’ இத்தோடும் முடியவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது என்று ஒரு காரணத்தைச் சேர்த்து, ‘நல்லது’ என்பது தீர்ப்புச் சொல்வதுபோல இருக்கிறதே என்று அதையும் மாற்றி, கடைசியில் பிறர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது வளர்வதன் ஒரு பகுதி என்ற இடத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். கேலி கலந்த பட்டியல்தான் என்றாலும் அதில் மிகை அதிகம் இல்லை. ஒருமுறை நிகழ்ச்சிக்காக மருத்துவமனையில் எடுத்த காட்சியில், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையில் காற்றடிக்கும் செவிலியர் ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்லும் தொடரைச் சொன்னார். அது வெடிப்பதையும் குறிக்கும் தொடர் என்பதால் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வெடிச் சத்தத்துக்குக் காத்திருக்கும், அடுத்து வருவதைக் கேட்காது என்று சொல்லி, ரோஜர்ஸ் அந்த ஒரு வரியை மாற்றிக் குரல் பதிவு செய்ய வைத்தார். கண் மருத்துவரைப் பற்றிய நிகழ்ச்சியில் முதலில் சொல்ல வேண்டிய விஷயமாக அவர் கருதியது, மருத்துவர் கண்ணுக்குள் பார்த்தாலும் நீ மனத்தில் நினைப்பது அவருக்குத் தெரியாது என்பதை. குளியல் தொட்டியின் வடிகால் வழியே நீ போய்விடமாட்டாய் என்று ஒரு பாடலே எழுதியிருக்கிறார். சிரிப்பு வரும், ஆனால் அந்தப் பயம் வந்த குழந்தைக்கு அது சிரிப்பில்லை.

1970-இல் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மீன் தொட்டியின் அடியில் ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. ரோஜர்ஸ் அதை வலையில் எடுத்து, உப்புத் தண்ணீரில் விட்டுப் பிழைக்கிறதா என்று பார்க்கிறார். அசைவில்லை. காகிதத் துவாலையில் சுற்றி எடுத்துப் போய்த் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார். எதையும் சுருக்கவில்லை, மண்ணைத் தோண்டும் நேரம் மண்ணைத் தோண்டும் நேரமாகவே ஓடுகிறது. அதன் பிறகே, தான் சிறுவனாக இருந்தபோது செத்துப்போன மிட்சி என்ற நாயைப் பற்றியும், அப்போது அழுததைப் பற்றியும் சொல்கிறார். மீன் சொர்க்கத்துக்குப் போயிற்று என்றெல்லாம் போதகரான அவர் சொல்லவில்லை என்பதை நான் குறிப்பாகக் கவனித்தேன். செத்தால் வருத்தமாக இருக்கும், அந்த வருத்தத்தைச் சொல்லலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

1968-இல் ராபர்ட் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட சில நாட்களிலேயே அவர் தயாரித்த சிறப்பு நிகழ்ச்சியில், புலிப் பொம்மை ‘அரசியல் கொலை என்றால் என்ன?’ என்று கேட்டது. பிற்காலத்தில் மணமுறிவுக்கும் போர் அச்சத்துக்கும் தனித்தனி வாரங்கள் ஒதுக்கினார். 1969 மே மாதத்தில், கறுப்பினத்தவர் வெள்ளையரோடு ஒரே நீச்சல் குளத்தில் இறங்குவது அமெரிக்காவில் இன்னும் சர்ச்சையாக இருந்த வேளையில், காவலர் வேடத்தில் வந்த பாடகர் ஃபிரான்சுவா கிளெம்மன்ஸை அழைத்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் இருவருமாகக் கால் நனைத்து, ஒரே துண்டைப் பகிர்ந்துகொண்டார். இந்தக் காட்சியைப் பகிர்கிறவர்கள் அதே கிளெம்மன்ஸ் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று ரோஜர்ஸுக்குத் தெரிந்தபோது, அது வெளியே தெரிந்தால் நிகழ்ச்சியில் தொடர முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தக் காலம் அப்படி, நிதி கொடுப்பவர்கள் விலகிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே என்றெல்லாம் வாதிடலாம். ஆனால் நீ இருக்கிறபடியே உன்னை எனக்குப் பிடிக்கும் என்று தினமும் சொன்ன மனிதர் கேட்ட விலை அது. கிளெம்மன்ஸ் அதை மறைக்கவுமில்லை, அதற்காக ரோஜர்ஸை வெறுக்கவுமில்லை. நாமும் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வது நல்லது.

அவருடைய கறார் வெளியுலகில் மிகவும் பயன்பட்ட நாள் 1969 மே 1. பொதுத் தொலைக்காட்சிக்கு ஒதுக்க உத்தேசித்த 2 கோடி டாலரைப் பாதியாகக் குறைக்க நிக்சன் அரசு முயன்றபோது, செனட் துணைக்குழுவின் முன் சாட்சி சொல்ல அவர் போனார். தலைவர் ஜான் பாஸ்டோர், அதற்குள் பல எழுத்துரைகளைக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார். ரோஜர்ஸ் கொண்டுவந்த அறிக்கையைப் படிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு, கோபம் வரும்போது என்ன செய்வது என்ற தன் பாட்டின் வரிகளைச் சொன்னார். குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. முடிந்ததும் பாஸ்டோர், 2 கோடி டாலரை நீங்கள் இப்போது சம்பாதித்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்றார். பின்னர், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவு செய்வது குற்றமா என்ற வழக்கிலும், குடும்பங்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் பதிவு செய்து பார்ப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சாட்சியம் அளித்தார். உச்ச நீதிமன்றம் 1984-இல் அளித்த தீர்ப்பில் அது எடுத்தாளப்பட்டது. அதே ஆண்டில் அவரைப் போல வேடமிட்ட நடிகரை வைத்து ஒரு பெரிய உணவக நிறுவனம் விளம்பரம் எடுத்தபோது, தொலைபேசியில் பேசி அதை நிறுத்த வைத்தார். அவர் குழந்தைகளிடம் எதையும் விற்றதில்லை, தன் முகத்தை வைத்து மற்றவர்கள் விற்பதையும் அனுமதிக்கவில்லை.

1976-இல் புதிய நிகழ்ச்சிகள் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றை முயன்று பார்த்தார், அது பெரிதாக எடுபடவில்லை. 1979-இல் திரும்பி வந்தபோது ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் என்ற முறையைக் கொண்டுவந்தார். அதில் 1980-இல் வந்த சூப்பர்ஹீரோ வாரம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ தொடரின் படப்பிடிப்புக்கே போய், நடிகர் லூ ஃபெரிக்னோ மேல் பச்சைச் சாயம் பூசுவதைப் பொறுமையாகக் காட்டினார். ராட்சசன் ஒப்பனை நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த குழந்தைக்கு அப்புறம் எப்படிப் பயம் வரும்?

மொத்தம் சுமார் 900 நிகழ்ச்சிகள். கடைசி நிகழ்ச்சி ஒளிபரப்பாகிச் சில நாட்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. குழந்தைகளை எப்படித் தேற்றுவது என்று பெற்றோருக்குச் சொல்லும் சில சிறு பதிவுகளுக்காக ஓய்விலிருந்து மீண்டும் கேமரா முன் வந்தார். 2003 பிப்ரவரி 27 அன்று, வயிற்றுப் புற்றுநோயால், தன் 74-ஆம் வயதில் காலமானார்.

2012 முதல் அவருடைய புலிப் பொம்மையின் குடும்பத்தை வைத்து ‘டேனியல் டைகர்ஸ் நெய்பர்ஹுட்’ என்ற கார்ட்டூன் வருகிறது. என் மகள் விரும்பிப் பார்த்தது இதைத்தான், ரோஜர்ஸை அல்ல. நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு குட்டிப் பாட்டு, அதை எங்கள் வீட்டிலும் பல் தேய்க்கும் நேரத்தில் பாடியிருக்கிறோம். ஆனால் அதில் குழந்தையை நேராகப் பார்த்துப் பேசும் பெரியவர் யாருமில்லை, குழிதோண்டுவதற்கு யாரும் நேரம் எடுத்துக்கொள்வதுமில்லை. அப்படி ஒருவரை இன்று அரை மணி நேரம் கேமரா முன் உட்காரவைக்க எந்த நிலையமும் பணம் கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.