குறுக்கே ஒரு கூட்டல், நெடுக்கே ஒரு கூட்டல்

மார்ச் 1, சனி

பழைய ரயில் பாதைப் பக்கம் ஒரு மர்ம கேச் இருக்கிறது. ரொம்ப நாளாகவே அதன் மேல் எனக்கு ஒரு கண். ஜியோகேச் என்பது யாரோ ஒளித்து வைத்த சின்னப் பெட்டி; கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சாதாரண கேச் என்றால் வரைபடத்தில் புள்ளி இருக்கும் இடத்துக்குப் போய்த் தேடினால் போதும். மர்ம கேச்சில் அந்தப் புள்ளி பொய். உண்மையான இடம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கும். புதிரை அவிழ்த்தால்தான் அது எங்கே என்று தெரியும்.

ஏறக்குறைய சிங்கப்பூர் முழுக்க வடக்கு 1 டிகிரி, கிழக்கு 103 டிகிரி என்றுதான் ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வரும் நிமிடங்களும் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) இதில் கொடுக்கப்பட்டிருக்கின்றன. மறைத்து வைத்திருப்பது நிமிடத்தில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களை மட்டும்தான். அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று, ஆக ஆறு இலக்கங்கள். புதிர் ஒரு காக்குரோ, 42 கட்டங்கள். குறுக்கெழுத்து மாதிரிதான், எழுத்துக்குப் பதில் எண்; ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகை மட்டும் கொடுத்திருப்பார்கள். கைப்பேசியைப் பார்த்து நோட்டில் வரைந்து கொண்டேன். பென்சில் பிடித்தால்தான் எனக்கு யோசனை ஓடும்.

மார்ச் 2, ஞாயிறு

விடையை வெளியில் சொல்வது தேடப் போகும் மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம். அதனால் அந்தப் புதிரை இங்கே எழுதப் போவதில்லை. முறை புரிவதற்காக நானே ஒரு குட்டிக் கட்டம் போட்டிருக்கிறேன். மேலே மூன்று கட்டம், கூட்டுத்தொகை 7. கீழே மூன்று கட்டம், கூட்டுத்தொகை 23. நெடுக்கே 7, 13, 10. எண்கள் 1 முதல் 9 வரை, ஒரு வரிசையில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது.

மூன்று வெவ்வேறு எண்களைக் கூட்டி 7 வரவேண்டுமென்றால் 1, 2, 4 தவிர வழியே இல்லை. 23க்கு 6, 8, 9 மட்டும்தான். முதல் நெடுக்கு வரிசை 7. மேலே இருப்பதில் சிறியது 1, கீழே சிறியது 6, இரண்டும் சேர்ந்தாலே 7 ஆகிவிடுகிறது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை. அடுத்தது 13. இருப்பதில் பெரிய 4, 9 இரண்டும் சேர்ந்தால்தான் அது வரும். மிச்சம் 2, 8. மேலே 142, கீழே 698. முடிந்தது.

எங்கேயும் ஊகமே கிடையாது. எண்கள் தானாக வந்து உட்காரும் அந்த நேரத்துக்காகவே நான் காக்குரோ போடுகிறேன்.

மார்ச் 5, புதன்

ஒரு கட்டம் தவிர எல்லாம் நிரம்பிவிட்டது. அந்தக் கட்டத்தில் குறுக்கு வரிசை 6 கேட்கிறது, நெடுக்கு வரிசை 7 கேட்கிறது. இரண்டு முறை அழித்து முதலிலிருந்து போட்டேன். அதே முட்டுச்சந்து. புதிர் போட்டவர்தான் தவறு செய்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

மார்ச் 8, சனி

வடக்குப் பக்க இலக்கங்களில் முதலாவது அந்தக் கட்டத்திலிருந்துதான் வருகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு நிமிடம் என்பது தரையில் இரண்டு மீட்டர்கூட இல்லை. ஆனால் முதல் இலக்கம் ஒன்று மாறினால் சுமார் 185 மீட்டர் தள்ளிப் போய்விடும். 6 போட்டால் வரும் இடம் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கமாக விழுந்தது. அதனால் 6 என்று வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்றரை மணி நேரம் தேடினேன். வேர் இடுக்கு, கல் அடி, வேலிக் கம்பி எதையும் விடவில்லை. மரங்களுக்குக் கீழே கைப்பேசி காட்டும் இடமும் பத்து மீட்டர் இப்படி அப்படி ஆடும். கொசுக்கடிதான் மிச்சம். இடி இடிக்க ஆரம்பித்ததும் திரும்பிவிட்டேன். ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு போட்டபோது மனசு கனத்தது.

மார்ச் 9, ஞாயிறு

நோட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அப்பா எடுத்துப் பார்த்தார். தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர் அவர். காக்குரோ என்ற பேரையே கேள்விப்பட்டதில்லை. விதியைச் சொன்னேன்.

“குறுக்க உள்ள தொகையெல்லாம் கூட்டுனியாம்மா?”

“இல்லப்பா, எதுக்கு?”

“நெடுக்க உள்ளதையும் கூட்டு. ரெண்டும் ஒண்ணா வரணும்ல. ஒரே கட்டத்தைத்தானே ரெண்டு பக்கமும் எண்ணுறே.”

குறுக்கே 211 வந்தது. நெடுக்கே 212.

எத்தனையோ காக்குரோ போட்டிருக்கிறேன், இது ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. பேரேட்டில் இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால் யாரோ ஓர் எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தமாம். கைப்பேசியில் மூலப் புதிரைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பா ஒவ்வொன்றாகப் படிக்க நான் சரிபார்த்தேன். பதினோராவது எண்ணில் மாட்டியது. இரண்டு கட்டத்துக்கு 16 என்று இருந்ததை நான் 15 என்று எழுதியிருக்கிறேன். 16 என்றால் 7ம் 9ம் தவிர வேறு ஜோடியே இல்லை. 9 ஏற்கெனவே இருந்தது. அந்தக் கட்டம் 7தான். புதிர் போட்டவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவரைச் சந்தேகப்பட்டதற்கு மனசார மன்னிப்புக் கேட்கிறேன்.

மார்ச் 15, சனி

அப்பாவும் வந்தார். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தோம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டருக்கு இந்தப் பாதை போகிறது. 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அப்பா இதே வழியாக ஈப்போவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார். இரும்புப் பாலத்தைக் கண்டதும் நின்றார். “இங்க வந்ததும் சத்தம் மாறும், தூங்கிட்டு இருந்தாலும் தெரியும்” என்றார். கொஞ்ச நேரம் கம்பியில் கை வைத்தபடியே இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

எப்படி ஒளித்து வைத்திருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். கைப்பேசி “3 மீட்டர்” என்று காட்டியதும் அப்பாதான் முதலில் பார்த்தார். உள்ளே சுருட்டி வைத்த காகிதம் லேசாக ஈரமாக இருந்தது. கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, தேதி போட்டு, தமிழில் கையெழுத்திட்டார். கணக்குப் புத்தகத்தில் போடுவாரே, பேருக்குக் கீழே இரண்டு கோடு, அதுவும் இருந்தது. மூடியை இறுக்கி இருந்த இடத்திலேயே வைத்தோம்.

ராத்திரி ‘கிடைத்தது’ என்று பதிவு போட்டேன். எண் எதுவும் வெளியே தெரியாதபடி, ‘அப்பாவுடன் வந்து கண்டுபிடித்தோம், நன்றி’ என்று மட்டும் எழுதினேன்.