கர்ணன் சாகும் இரவு: செஞ்சி, செய்யாறு பக்கம் கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கையில் ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது என்றால், தெருக்கூத்தில் கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் ஆடும் இரவாகப் பார்த்துப் போங்கள். துகிலுரிதலுக்குக் கூட்டம் அதிகம். அர்ச்சுனன் தபசில் கண்ணுக்கு விருந்து அதிகம். ஆனால் பிறப்பு, நன்றிக்கடன், விசுவாசம், சாவு என்று நாம் தத்துவப் புத்தகங்களில் தேடுவதையெல்லாம் ஓர் ஆள் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஆடித் தீர்ப்பதைப் பார்க்க இதைவிட நல்ல இரவு வட தமிழ்நாட்டில் கிடையாது.

பங்குனியில் தொடங்கி ஆடி வரை விழுப்புரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, வேலூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும். சித்திரையும் வைகாசியும்தான் உச்சம். அறுவடை முடிந்து கையில் காசு புழங்குகிற காலம். தலைக்கட்டு வரி போட்டு ஊரே செலவை ஏற்கும். செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மேலச்சேரி கோயிலைத் திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயில் என்று அந்த வட்டாரமே சொல்லும். கொடி ஏறியதும் பிற்பகல்தோறும் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதம் வாசித்துப் பொருள் சொல்வார். கடைசிப் பத்து நாள் வாக்கில் இரவுக் கூத்து சேர்ந்துகொள்ளும். சின்ன ஊர்களில் இரண்டு மூன்று இரவோடு சரி.

எந்த ஊரில் என்றைக்கு என்பதை இணையத்தில் தேடிக் காலத்தைக் கழிக்காதீர்கள். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, செய்யாறு, ஆரணி பேருந்து நிலையங்களை ஒட்டிய சுவர்களையும் டீக்கடைகளையும் பாருங்கள். திருவிழா நோட்டீஸில் ஒவ்வொரு நாளுக்கும் பிரசங்கத் தலைப்பு, கூத்தின் பெயர், ஆடப்போகும் ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர் எல்லாம் இருக்கும். தேதியை மட்டும் கவனமாகப் படியுங்கள். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ‘இரவு கர்ண மோட்சம்’ என்றிருந்தால் வெள்ளி இரவு 10 மணிக்கு மத்தளம் ஒலிக்கும், கர்ணன் உயிர் போவது சனிக்கிழமை விடியலில். சனி இரவு போய் நின்றால் பதினெட்டாம் போர் நடந்துகொண்டிருக்கும். கோடை மழை வந்தாலோ ஊரில் சாவு விழுந்தாலோ எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும் என்பதால், நோட்டீஸில் உள்ள எண்ணுக்கு அன்று மதியம் ஒருமுறை பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்தால் காரியத்தன்று இரவு கர்ண மோட்சம் வைக்கிற வழக்கம் இருக்கிறது. கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் இறந்தவருக்கும் கிடைக்கட்டும் என்பது நம்பிக்கை. அங்கே கூத்து ஒரு குடும்பத்தின் சடங்கு. வெளியாள் வந்தால் பெரும்பாலும் பாய் போட்டு உட்காரச் சொல்வார்கள், ஆனாலும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு உட்காருவதே முறை. கேமராவைப் பையிலேயே வையுங்கள்.

திருவிழாக் கூத்துக்கு இரவு 8 மணிக்கே போய்விடுவது நல்லது. வேஷம் கட்ட இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார்கள். ஜமாவின் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு ஓரமாக நின்றால் பார்க்க விடுவார்கள். தேங்காயெண்ணெய் தடவி, அரிதாரம் பூசி, முத்துவெள்ளையால் கோடும் புள்ளியும் வைக்கையில் சற்றுமுன் டீ குடித்துக்கொண்டிருந்த விவசாயியின் முகம் மெல்ல மறையும். ராஜ வேஷத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. அந்த மரம் எடை குறைவு. அதனால்தான் அவ்வளவு பெரிய கிரீடத்தோடு கிறிக்கி அடித்துச் சுழல முடிகிறது. கழற்றி வைத்த கட்டைகளைத் தொடாதீர்கள், அவற்றைத் தாண்டியும் போகாதீர்கள். பூஜை செய்து எடுத்த சாமான்கள் அவை.

உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூத்தாடும் களமான களரியில் பின்பாட்டுக்காரர்களும் ஆர்மோனியப் பெட்டி, மத்தளம், முகவீணை, தாளமும் ஒரு பக்கம் இருக்கும், மற்ற மூன்று பக்கமும் சனம். பெட்டிக்காரருக்கு நேர் எதிரே, முதல் வரிசைக்கு இரண்டு மூன்று வரிசை பின்னால் உட்காருங்கள். முதல் வரிசை சிறுவர்களுடையது, கிறிக்கியின் புழுதியும் அவர்களுக்குத்தான். ஒப்பனைக் கொட்டகைக்கும் களரிக்கும் நடுவிலுள்ள பாதையை அடைக்கக் கூடாது. குழாய் ஸ்பீக்கரின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் உட்கார்ந்தால் நள்ளிரவுக்குள் தலைவலி வந்து எழுந்துவிடுவீர்கள். பாய், போர்வை, தண்ணீர், டார்ச் கட்டாயம் வேண்டும். சித்திரையிலும் 3 மணிக்குமேல் பனி இறங்கும். இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, பகலில் தூங்கிவிட்டுப் போங்கள்.

பாட்டு புரியாதே என்ற பயம் வேண்டாம். ஒரே செய்தியை முதலில் விருத்தமாகவும், பிறகு தரு என்கிற பாட்டாகவும், கடைசியில் வசனமாகவும் சொல்வது கூத்தின் இலக்கணம். விருத்தத்தில் தவறவிட்டது வசனத்தில் கையில் வந்து விழும். வில்லிபாரதத்தின் பதினேழாம் போர்ச் சருக்கத்தை உரையோடு ஒருமுறை படித்துவிட்டுப் போனால், எது நூலில் இருக்கிறது, எது கூத்தாடிகள் வளர்த்தெடுத்தது என்பதும் பிடிபடும்.

அப்படி வளர்த்தெடுத்ததில் தலையானது பொன்னுருவி கட்டம். படைத்தலைவனாகப் பட்டம் கட்டிக்கொண்ட கர்ணன், போருக்குமுன் மனைவியிடம் விடைபெற வருகிறான். திரைக்குப் பின்னே நின்று அவன் பாட, பின்பாட்டு அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடும். திரை நடுங்கும், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். திரை விலகியதும் ஆட்டம் அனல் பறக்கும். அதே ஆள் சற்று நேரத்தில் ஒரு பெண்ணின் வாசலில் நிற்கிறான். அவள் ராஜகுமாரி, தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதை அவள் மனம் ஒருநாளும் ஏற்றதில்லை. அவன் குலத்தைக் கேட்கிறாள், ஏசுகிறாள். குந்திதான் தன் தாய் என்பதை அவன் சொல்லும்போது எல்லாம் மாறுகிறது, ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. போகாதே என்று இப்போது கெஞ்சுகிறாள், அவனோ துரியோதனன் உப்பைத் தின்றவன்.

இந்தக் கட்டம் நல்ல ஜமாவில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் போகும். அவசரப்படாதீர்கள், நீளமே இதன் பலம். ஆண் ஒருவர் பெண் வேஷத்தில் பாடும் அந்தப் புலம்பலுக்குப் பெண்கள் பக்கம் முந்தானையால் கண் துடைப்பதைப் பார்க்கலாம். நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து ரேஷன் கடையைப் பற்றியோ உள்ளூர்த் தேர்தலைப் பற்றியோ ஒன்று சொல்வார், அழுத சனமே வெடித்துச் சிரிக்கும். நகரத்துப் பார்வையாளர்கள் சிலர் இதைக் கூத்தின் குறை என்பார்கள். ஒத்துக்கொள்ளவே முடியாது. எழவு வீட்டுத் திண்ணையில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக இருப்பதை அறிந்தவர்கள் கட்டிய கலை இது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் எட்டு மணி நேரத் துயரத்தைத் தாங்க யாருக்கும் வலு இருக்காது.

‘நீ யாருக்குப் பிறந்தவன்?’ என்ற கேள்வி மைக்கில் ஒலிக்கும்போது சுற்றிலும் பாருங்கள். ஊரார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், காலனிக்காரர்கள் வந்திருக்கிறார்களா, வந்திருந்தால் எந்தப் பக்கம்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இதுபோன்ற ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் வருவதைத் தடுத்ததால் எழுந்த பிரச்சினையில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். கர்ணனுக்காக அழுகிற மண்ணில் இதுவும் நடக்கிறது. கூத்தின் அழகை மட்டும் படம் பிடித்து வருகிறவர்கள் இந்த இரவில் பாதியைத்தான் பார்த்தவர்கள்.

2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் தூக்கம் ஆளைத் தள்ளும். சுற்றுலா வண்டியில் வந்தவர்கள் கிளம்புவதும் அப்போதுதான். ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள், இனிமேல்தான் நாடகமே. சல்லியன் தேரோட்ட வருகிறான். நாகாஸ்திரத்தை அர்ச்சுனன் மார்புக்குக் குறிவை என்கிறான். கர்ணன் கழுத்துக்கு வைக்கிறான். கண்ணன் தேரை அழுத்த, கிரீடம் மட்டும் பறக்கிறது. ஒரு கணையை இரண்டாம் முறை தொடுப்பதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு அவன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. யாரும் அவனை ஏமாற்றிக் கொன்றுவிடவில்லை; தான் கொடுத்த வாக்குகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து தன்னைக் கொல்வதை அவன் கண் திறந்து பார்த்துக்கொண்டே நிற்கிறான். விதிக்கும் மனிதன் தேர்ந்தெடுப்பதற்கும் உள்ள தூரத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய நாடகங்கள் உலகத்திலேயே சொற்பம்.

கிழக்கு வெளுக்கும்போது கண்ணன் கிழப் பிராமணனாக வந்து, அவன் செய்த புண்ணியம் அத்தனையையும் தானமாகக் கேட்கிறான். உயிர் உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்றே தெரியாத நிலையில் கர்ணன் அதையும் கொடுக்கிறான். வரம் கேள் என்றதும், எத்தனை பிறவி வந்தாலும் இல்லையென்று வந்தவருக்கு இல்லையென்னாத மனம் வேண்டும் என்கிறான். குந்தி ஓடிவந்து, வாழ்நாளெல்லாம் சொல்லாத ‘மகனே’ என்ற சொல்லைச் சொல்லி மடியில் போட்டு அழுகிறாள். கற்பூரம் ஏற்றினால் எழுந்து நில்லுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் யாருக்காவது மருள் வந்தால் பிடிக்கப் போகாமல் இரண்டடி விலகி வழி விடுங்கள். விபூதி போட ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு நாள் இருக்க முடியுமென்றால் படுகளத்தைப் பாருங்கள். பதினெட்டாம் போர் விடிந்தபின் கோயில் திடலில் தொடரும். துரியோதனனைப் பிரம்மாண்டமான மண்ணுருவமாகப் படுக்கவைத்து வண்ணம் தீட்டியிருப்பார்கள். வீமன் வேஷக்காரர் அதைச் சுற்றி விரட்டி வந்து, தொடையில் புதைத்த செந்நீர்ச் சட்டியை அடித்து உடைப்பார், அதன்பிறகுதான் திரௌபதி கூந்தல் முடிவாள். நிழலே இருக்காது, தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். மாலையில் தீமிதி; குழியைச் சுற்றி நெரிசல் ஏறுவதற்குமுன் காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டால் புகையும் சூடும் முகத்தில் அடிக்காது. தீமிதி முடிந்ததும் கூட்டம் முழுவதும் கடைசிப் பேருந்துக்கு ஓடும். அதை நம்பாமல் செஞ்சியிலோ செய்யாற்றிலோ அறை எடுத்து, திரும்பும் ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள்.

ஜமாவுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் ஆட்டத்தின் நடுவே நீட்டாதீர்கள். மைக்கில் பெயரைச் சொல்லி அன்பளிப்பு அறிவிக்கும் வழக்கம் பொன்னுருவியின் புலம்பலைக்கூட வெட்டிவிடுகிறது. விடிந்து, வேஷம் கலைத்து, எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாத்தியார் கையில் கொடுங்கள். அடுத்து எந்த ஊர், என்ன நாடகம் என்றும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.