டெலிபோன்காரர் நாட்குறிப்பு

மார்ச் 27, 2020, வெள்ளி

ஊரடங்கின் மூன்றாம் நாள். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் முதியோர் இல்லத்தில் பெரியவர்கள் 22 பேர். பஸ் ஓடாததால், வீட்டிலிருந்து வந்துபோகும் ஆயாக்கள் வர முடியவில்லை. கிருஷ்ணகிரி பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். நானும் மாடி ஸ்டோர் ரூமில் பாய் போட்டாயிற்று. ஐ.டி.ஐ. என்ற அரசு டெலிபோன் ஃபேக்டரியில் போன் தயாரித்து ரிடையர் ஆனவன். இங்கே குழாய், ஃபியூஸ், சக்கர நாற்காலி எல்லாம் என் பொறுப்பு.

கழுவிய கையாலேயே அழுக்குக் குழாயைத் திருகி மூடினால் என்ன பிரயோஜனம் என்றார் சிஸ்டர். லீவர் குழாயாக மாற்றி, கைப்பிடியில் ஒரு சாண் பி.வி.சி. பைப்பைச் செருகினேன். முழங்கையால் தள்ளினால் போதும். மூட்டுவலிப் பாட்டிகளுக்கும் வசதியாம். கொரோனா போனாலும் கழற்றக் கூடாது என்று உத்தரவு.

ஏப்ரல் 5, ஞாயிறு

இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொல்லியிருக்கிறார் பிரதமர். சானிடைசர் ஸ்பிரிட் ஆயிற்றே, தீப்பற்றும். எட்டரைக்கே பாட்டில்களை எல்லாரிடமிருந்தும் வாங்கிப் பூட்டிவிட்டேன். எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் தீப்பெட்டி.

மே 16, சனி

யாரோ ஒரு புண்ணியவான் டேப்லெட் வாங்கிக் கொடுத்தார், வீடியோ காலுக்கு. ஐந்தாம் நம்பர் பாட்டியோ டேப்லெட்டைப் பார்ப்பதில்லை, அதைப் பிடித்திருக்கும் ஆயாவைத்தான் பார்க்கிறார். மகன் குரல் ஆயாவிடமிருந்து வருவதாக நினைப்பு. நேரில் வரும் உள்ளூர்ப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். கேட்டுக்கு வெளியே மாஸ்க்கோடு நின்று கத்த வேண்டும், பின்னால் அவுட்டர் ரிங் ரோடு லாரிச் சத்தம். "சாப்பிட்டியாம்மா?" என்பதற்கு மேல் பேச்சு நகராது. காது மந்தமானவர்கள் இத்தனை காலம் வாயசைவைப் பார்த்தே சமாளித்திருக்கிறார்கள் என்பது மாஸ்க் வந்த பிறகுதான் தெரிகிறது.

வீட்டிலிருந்து இரண்டு கறுப்பு டயல் போன்களை எடுத்து வந்தேன். இரண்டும் தூரவாணி நகரில் எங்கள் ஃபேக்டரியில் செய்தவை. எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், லைன் வேண்டாம். இரண்டையும் ஒரு 9 வோல்ட் பேட்டரியோடு ஒரே சுற்றில் கோர்த்தால் பேசலாம், மணி மட்டும் அடிக்காது. ஜன்னலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவே மூடிய கண்ணாடி. உள்ளே வைத்ததில் குரல் எழும்பவில்லை, கரகரப்புதான். கார்பன் மைக் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் கரித்தூள் இறுகிவிடும். ரிசீவரை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டியதும் குரல் திறந்துகொண்டது.

பாட்டியிடம் நீட்டினேன். யாரும் சொல்லித்தரவில்லை. இடது கையால் வாங்கி, முந்தானையை ஒதுக்கி, காதில் அழுத்திக்கொண்டு, "அலோ, யாரு பேசறது?" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள். முகம் எதிரே, குரல் காதுக்குள்ளே. அரை மணி நேரம் பேசினார்கள், பாதிக்கு மேல் மாங்காய்த் தொக்கைப் பற்றி.

ஜூன் 3, புதன்

ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ரிசீவரை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறோம். காது மெஷின் போட்ட வாத்தியார் தாத்தா இன்று ஒன்று கண்டுபிடித்தார்: மெஷினை 'டி'யில் வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கிறதாம். பழைய ரிசீவரின் காந்தப்புலத்தை மெஷினுக்குள் இருக்கும் சுருள் நேராகப் பிடித்துக்கொள்கிறது. மெஷினின் மைக் வேலை செய்யாததால் லாரிச் சத்தமும் இல்லை. அவர் கணக்கு வாத்தியார். எனக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனார்.

டேப்லெட்டை ஆயாக்கள் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஊரிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அதுவும் வேண்டியதுதானே.

ஜூலை 10, வெள்ளி

காற்று வழியாகவும் பரவலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் நேற்று ஒருவழியாக ஒத்துக்கொண்டிருக்கிறது, 239 விஞ்ஞானிகள் கடிதம் எழுதிய பிறகு. இதுவரை தரையையும் கைப்பிடியையும் துடைத்துத் துடைத்து ஆயாக்களின் கை வெந்ததுதான் மிச்சம். சிஸ்டர் ஒரு ஆய்வைக் காட்டினார்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 48 பேருக்குத் தொற்று, பரிசோதித்த அன்று அதில் 27 பேருக்கு அறிகுறியே இல்லை. வாசலில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் பிடிப்பதை மட்டும் நம்ப முடியாது.

தொற்று வந்தவரைத் தனியே வைக்க மூலை அறையை ஒதுக்கினோம். ஒரு ஜன்னலை ப்ளைவுட்டால் அடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன். மற்ற ஜன்னல்களை மூடியாயிற்று. காற்று வராந்தாவிலிருந்து கதவிடுக்கு வழியே உள்ளே வந்து, பின்பக்கத்துக் காலி மனைக்குப் போக வேண்டும். சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். கதவடியில் பிடித்தால் புகை அங்கேயே சுருண்டது. பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கு அட்டை ஒட்டியதும் புகை நேராக உள்ளே இழுபட்டது.

ஜூலை 27, திங்கள்

ஒன்பதாம் நம்பர் அஜ்ஜிக்கு (கன்னடப் பாட்டி) பாசிட்டிவ். ஆக்சிஜன் 96, மூச்சு பரவாயில்லை. ஆனால் மறதி நோய்க்காரர். வெள்ளை கவுனையும் முகக் கவசத்தையும் கண்டு அலறுகிறார், கஞ்சியைத் தட்டிவிடுகிறார். கவுனில் பெயர் எழுதினோம், சிரித்த முகத்தோடு போட்டோ குத்தினோம். அஜ்ஜி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம் ஒரு ஆயா, தினமும் கட்டும் பச்சைக் கட்டம் போட்ட ஏப்ரனை கவுனுக்கு மேலேயே கட்டிக்கொண்டு, வாசலிலிருந்தே "அஜ்ஜி, ஊட்டா ஆயித்தா?" (சாப்பிட்டாச்சா?) என்று குரல் கொடுத்துக்கொண்டு போனாள். கஞ்சி உள்ளே போயிற்று. அதே துணியில் இன்னும் ஆறு ஏப்ரன் தைக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஏப்ரல் 29, 2021, வியாழன்

நேற்று முன்தினம் இரவிலிருந்து மறுபடி ஊரடங்கு. ஊரே ஆக்சிஜனுக்கு அலைகிறது. எங்களுக்கு ஒரு பி-டைப் சிலிண்டர் கிடைத்தது. ஆயாக்களுக்கு ஒரே கேள்வி: "அண்ணா, இது எப்போ தீரும்?"

அழுத்த மீட்டர் 150 பார் காட்டினால் உள்ளே ஏறக்குறைய 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம், 4 என்றால் 6. நடு ராத்திரியில் யார் கணக்குப் போடுவார்கள்? மீட்டர் கண்ணாடியில் 50-க்கு நேரே சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டேன். 2 லிட்டரில் அதற்கு மேல் நாலு மணி நேரம்தான் மிச்சம். முள் அங்கே வந்தால் என்னை எழுப்பு, அவ்வளவுதான். இன்னொன்று, தேங்காய் எண்ணெய்க் கையால் வால்வைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் பற்றிக்கொள்ளும். பாட்டிகளுக்குத் தலைவாரி விடுபவள் சிலிண்டர் பக்கம் போவதில்லை என்று வேலையைப் பிரித்துவிட்டோம்.

ஜூன் 11, வெள்ளி

நடக்க முடிந்தவர்களுக்கு மார்ச்சிலேயே தடுப்பூசி ஆயிற்று. ஒரு மொபைல் நம்பருக்கு நாலு பேர்தான் என்பதால் சிஸ்டர் நம்பர், என் நம்பர், என் மருமகன் நம்பர் வரை போனது. படுக்கையிலிருப்பவர்கள் காத்திருந்தார்கள். வீட்டுக்கு அருகிலேயே ஊசி போடலாம் என்று மே 27 அன்று மத்திய அரசு வழிகாட்டுதல் வந்ததால், இன்று எங்கள் ஹாலுக்கே வந்தார்கள்.

போட்ட பிறகு அரை மணி நேரம் எல்லாரையும் ஒரே பார்வையில் வைக்க வேண்டும். இரும்புக் கட்டில்களுக்குச் சக்கரம் மாட்டி ஹாலுக்குத் தள்ளினோம். பதினோராம் நம்பர் தாத்தாவின் கட்டில் வாசலில் இரண்டு விரற்கடை இடித்தது. கீலைக் கழற்றிக் கதவையே எடுத்துவிட்டேன். கோவிஷீல்டு இரண்டாம் டோஸ் 12 முதல் 16 வாரத்துக்குள், அதாவது செப்டம்பர் 3-க்கு மேல். அதுவரை கதவு வேண்டாம், திரை போதும் என்கிறார் தாத்தா, காற்று வருகிறதாம்.