நவம்பர் வரிசை

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வங்கிக் கிளையில் காலை ஒன்பதரைக்கே ஷட்டர் முன்னால் வரிசை சேர்ந்துவிடும். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று காட்ட வேண்டிய மாதம் அது. வரிசையில் பட்டாளத்துக்காரர் யார் என்று கேட்கவே வேண்டாம். மழமழவென்று சவரம் செய்த முகம், உள்ளே விட்ட சட்டை, ஒரே பிளாஸ்டிக் கவரில் பிபிஓ என்கிற பென்ஷன் ஆணையின் நகல், ஆதார், டிஸ்சார்ஜ் புக் எல்லாம் நாங்கள் கேட்கிற வரிசையிலேயே இருக்கும். வேலூர்ப் பக்கம் என்பதால் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இருக்கிற மாவட்டம்.

பென்ஷன் கவுண்டரில் 11 வருஷம் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு வருஷம் அவர்கள் கதையை எடுத்தாலே எனக்கு எரிச்சல்தான். பின்னால் 40 பேர் நிற்கிறார்கள், இவர் "அறுபத்தஞ்சுல லாகூர் பக்கம்..." என்று ஆரம்பிப்பார். "சரிங்கய்யா, விரலை வைங்க" என்று வெட்டிவிடுவேன்.

என்னைக் கேட்க வைத்தது அந்த விரல் ரேகைக் கருவிதான். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். கட்டைவிரல் ஏற்காது, ஆள்காட்டி விரலும் ஏற்காது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வோம். ஒருவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகும். அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா?

கதைகளிலும் ரகம் உண்டு. ஒருவர் வந்தால் கிளையே போர்க்களமாகிவிடும். மேஜையைத் தட்டித் தட்டிச் சுடுவார். பின்னால் நிற்கும் அவருடைய கூட்டாளி என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "ஸ்டோர்ல பூட்ஸ் எண்ணிக்கிட்டிருந்தான் சார்" என்பார். பூட்ஸ் எண்ணுவதும் வேலைதானே, அது இல்லாமல் யார் மலையேறுவது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நிஜமாகவே நெருப்புக்குள் போய் வந்தவர்கள் சுட்ட கதையை அதிகம் சொல்வதில்லை. குளிர், ஈர சாக்ஸ், பாதி வெந்த பருப்பு, வராத கடிதம். அவ்வளவுதான்.

ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அப்படித்தான். பட்டாளத்தில் மெட்ராஸ் சாப்பர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்தப் பழக்கமோ என்னவோ, அவரும் என்னைத் தம்பி என்பார். 1971 டிசம்பர் போரில் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் இருந்தவர். பசந்தர் ஆற்றைக் கடந்து டாங்கிகள் போக வேண்டும். அக்கரையில் கண்ணிவெடி வயல். டாங்கிக்கு முன்னால் வழி திறப்பது இவர்கள் வேலை.

ஒரு வருஷம், கருவி அடம்பிடித்த நேரத்தில், என் ஸ்டாம்ப் பேடை மேஜை நடுவில் நகர்த்தி வைத்தார். அதுதான் கண்ணி. என் பால்பாயின்ட் பேனா பயோனெட், துப்பாக்கி முனைக் கத்தி. "நேராக் குத்தக் கூடாது தம்பி. அது தலையில பட்டா போச்சு. இப்படிச் சாய்ச்சு, மெதுவா உள்ள விடணும். விலாவுல தட்டும்." பேனா முனை பேடின் ஓரத்தை டக் என்று தொட்டது. அவர் கை அப்படியே நின்றது. மூச்சையும் நிறுத்திவிட்டார் என்றே தோன்றியது. அடுத்து நின்றவர்கூட முணுமுணுக்கவில்லை.

அப்புறம் சொன்னார்: "முன்னால ஒரு நாயக் போனார். அவர் கால் வெச்ச இடத்துலதான் நாங்க கால் வெப்போம். வழி பாதிதான் திறந்திருந்துச்சு, அதுக்குள்ள டாங்கிங்க கிளம்பிடுச்சு. விடியற்காலை டீ வந்துச்சு. சர்க்கரையே இல்ல."

அன்று இரவு அந்தச் சண்டையைப் பற்றி எடுத்துப் படித்துப் பார்த்தேன். 1971 டிசம்பர் 15 ராத்திரி நடந்தது அது. கண்ணிவெடி வயல் முழுதும் துப்புரவாகும் முன்பே பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் அதன் மேலேயே ஓடி அக்கரை சேர்ந்திருக்கின்றன. மறுநாள் சண்டையில் அந்தப் பிரிவின் இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் தன் டாங்கியோடு விழுந்தார். 21 வயது, பரம்வீர் சக்ரா. அதே நாளில்தான் டாக்காவில் சரணாகதி. இதில் எதுவும் பெரியவர் கதையில் இருந்ததில்லை. அடுத்தடுத்த நவம்பர்களிலும் அதே கதையைச் சொன்னார். நாயக்கிலிருந்து நேரே டீக்குத் தாவிவிடுவார். டீ வரும்போது அந்த நாயக் கதையில் இருக்க மாட்டார். எனக்கு அது புரிய மூன்று வருஷம் ஆயிற்று. புரிந்த பிறகும் கேட்கவில்லை.

இன்னொருவர் வாயே திறக்காதவர். 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கான காரணங்கள் பேசித் தீராதவை. அங்கே தமிழர்கள் பட்டது அப்படி. பசந்தர் கதையை வரிசையே நின்று கேட்கும். இவர் கதையைக் கேட்க இந்த ஊரில் யாருக்குத் தைரியம்? ஒரே ஒருமுறை, கருவி பச்சை விளக்கு காட்டக் காத்திருந்தபோது சொன்னார்: "அங்க கிழவி ஒருத்தி திட்டினா சார். எங்க செக்‌ஷன்ல எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது." விளக்கு எரிந்தது. கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்தக் கவுண்டரில் இருந்த கடைசி நவம்பரில் சாப்பர் பெரியவர் வரவில்லை. கண்ணில் புரை அறுவை, தூசி படக் கூடாது என்று மகன் போன் செய்தார். 80 வயது முடிந்தால் பென்ஷன் 20 சதவீதம் கூடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவர். சான்று தவறக் கூடாது. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு நானே போனேன்.

முந்தின நாள் மழை. வாசலிலிருந்து திண்ணைவரை சேறு. நடுவில் செங்கல் துண்டுகளை அங்கங்கே போட்டிருந்தார்கள். சில ஆடும், சில மூழ்கியே இருந்தன. வண்டியை நிறுத்துவதற்குள், ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு, கையில் தடியோடு அவரே இறங்கி வந்துவிட்டார். "நீங்க உட்காருங்கய்யா, நான் வந்துடறேன்" என்றேன். காதில் வாங்கவே இல்லை. தடியைச் சாய்த்து ஒவ்வொரு கல்லையும் ஓரத்தில் தட்டிப் பார்த்துத் திரும்பினார்.

"முன்னால நான் போறேன். என் கால் வெச்ச இடத்துலயே வாங்க, தம்பி."