இடமாற்ற நாட்குறிப்பு, மார்ச் 2025

மார்ச் 11, செவ்வாய்
பட்டியலில் 38 சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சர்வரையும் வரிசையாக எடுத்து வேலை செய்ய வேண்டிய ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு) முதல் சர்வரை மட்டும் முடித்துவிட்டு, பிழை எதுவும் காட்டாமல் நின்றுவிட்டது. 31-ஆம் தேதிக்குள் பழைய இடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

மார்ச் 12, புதன்
இரவு இரண்டு மணி வரை பட்டியலைத்தான் சந்தேகித்தேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்து எதுவும் அதில் இல்லை.

மார்ச் 13, வியாழன்
பிடிபட்டுவிட்டது. சர்வரில் ஓட வேண்டிய கட்டளையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வந்ததை அப்படியே திருப்பிக் காட்டும் வெறும் ‘கேட்’ கட்டளையை வைத்து ஓட்டினேன். மீதி 37 பெயர்களும் திரையில் வந்து கொட்டின. வைல் லூப்பில் (பட்டியல் தீரும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்) இருக்கும் ‘ரீட்’ கட்டளை ஃபைல் டிஸ்கிரிப்டர் 0 (திறந்த கோப்புக்கான எண்; வழக்கமாக 0 உள்ளீட்டுக்கு, 1 வெளியீட்டுக்கு, 2 பிழைச் செய்திகளுக்கு) வழியாகப் பட்டியலை வரி வரியாகப் படிக்கிறது. லூப்புக்குள் ஓடும், தொலைவிலுள்ள சர்வரில் கட்டளையை இயக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் அதே 0 தான் போய்ச் சேருகிறது என்பதால், முதல் சுற்றிலேயே அது மிச்சப் பட்டியல் முழுவதையும் உறிஞ்சித் தொலைவிலுள்ள கட்டளைக்கு அனுப்பிவிடுகிறது. உள்ளீட்டைப் படிக்காதே என்று சொல்லும் -என்-ஐ எஸ்எஸ்ஹெச்சுக்குக் கொடுத்தாலே இது தீர்ந்துவிடும். ஆனாலும் எனக்கு அதில் திருப்தி இல்லை, ஏனெனில் நாளை அதே லூப்பில் வீடியோக்களை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் வந்தால் அதுவும் இதையேதான் செய்யும். பட்டியலை எண் 3-இல் திறந்து, அங்கிருந்து படிக்கும்படி ரீட் கட்டளைக்கு <&3 என்று கொடுத்துவிட்டேன்; இனி 0-ஐ யார் படித்தாலும் பட்டியலுக்குச் சேதமில்லை.

மார்ச் 15, சனி
37 முடிந்தன. 38-ஆவது சர்வரை ஸ்கிரிப்ட் தொடவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு
வியாழனன்று திரையில் கடைசிப் பெயரும் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். வரிகளை எண்ணச் சொன்னால் 37 என்கிறது, ஏனெனில் அந்தக் கட்டளை எண்ணுவது புதுவரிக் குறிகளை மட்டும்தான். கடைசிப் பெயருக்குப் பின் அந்தக் குறி இல்லை. ரீட் அந்தப் பெயரை மாறியில் (படித்ததை வைத்திருக்கும் இடத்தில்) நிரப்பிவிடுகிறது, ஆனால் தோல்வி என்று திரும்புவதால் லூப் அதைப் பயன்படுத்தாமலே முடிந்துபோகிறது. ‘மாறி காலியாக இல்லையென்றால் தொடரவும்’ என்ற நிபந்தனையைச் சேர்த்தேன்.

மார்ச் 17, திங்கள்
பதிவுக் கோப்பில் பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை என்று நிம்மதி அடைந்திருந்தேன். அவை அனைத்தும் திரைக்குத்தான் போயிருக்கின்றன. 2>&1 (பிழைகளை 1 போகும் இடத்துக்கே அனுப்பு) என்பதைக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தேன். கட்டளைகளை இயக்கும் ஷெல் இந்தத் திசைதிருப்பல்களை இடமிருந்து வலமாகச் செய்கிறது. அந்தக் கணத்தில் 1 எங்கே போய்க்கொண்டிருந்ததோ அந்த இடத்தின் நகல்தான் 2-க்குக் கிடைக்கிறது, பிறகு 1-ஐக் கோப்புக்குத் திருப்பினாலும் 2 பழைய இடத்திலேயே நிற்கிறது. கோப்பை முன்னால் நகர்த்தியதும், மூன்று நாட்களாக நான் பார்க்காத பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மார்ச் 19, புதன்
ஸ்கிரிப்ட் இரண்டு முறை சேர்ந்து ஓடக் கூடாது என்பதற்காக எண் 9-இல் ஒரு கோப்பைத் திறந்து ஃப்ளாக் (அந்தக் கோப்புக்குப் பூட்டு) போட்டிருந்தேன். நேற்றைய ஓட்டம் முடிந்து பல மணி நேரம் ஆகியும் பூட்டு விடவில்லை. பின்னணியில் நான் கிளப்பிவிட்ட செயல்முறையின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) திறந்த எண்களை, அத்தகைய விவரங்கள் கிடைக்கும் ப்ராக் அடைவில் பார்த்தபோது 0, 1, 2 ஆகியவற்றோடு 9-உம் இருந்தது. ஷெல் திறந்த எண்களெல்லாம் பிள்ளைச் செயல்முறைக்கும் போகின்றன. அதன் கையில் 9 இருக்கும் வரை பூட்டும் இருக்கும். கிளப்பும் வரியில், 9-ஐ மூடச் சொல்லும் 9>&- சேர்த்தேன்.

மார்ச் 20, வியாழன்
பூட்டு இன்னும் விடவில்லை. வேறு ஏதோ ஒரு செயல்முறையும் 9-ஐ வைத்திருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.