ஓய்வூதியச் சிப்பாயைத் தேடி

என் கணவரின் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த பிரிட்டிஷ் சிப்பாய் என்று மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. சரி, நானே தேடுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

1847 முதல் 1852 வரை ஓய்வுபெற்ற சிப்பாய்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி ஒனிஹங்கா, ஹோவிக், பன்மூர், ஒட்டாஹுஹு ஆகிய நான்கு ஊர்களில் குடியேற்றினார்கள், அந்தச் சிப்பாய்களுக்கு ஃபென்சிபிள்ஸ் என்று பெயர். ஏழு வருடம் கடமையாற்றினால் ஒரு சிறு வீடும் ஒரு ஏக்கர் நிலமும் சொந்தம். (அந்த நிலம் முன்பு அங்கத்திய பூர்வகுடிகளான மாவோரி மக்களுடையது, அதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

எங்கள் சிப்பாயும் இப்படி ஓய்வூதியம் பெற்றவர் என்பதுதான் பெரிய உதவி, ஏனென்றால் அப்படிப்பட்டவர்களைப் படையிலிருந்து விடுவித்த தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 97 என்ற வரிசையில் இருக்கின்றன, பிறந்த ஊர், படையில் சேருமுன் செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம் வரை எழுதியிருப்பார்கள். அவருடைய தாளில் "கூலித் தொழிலாளி" என்றிருந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதை மாமியாரிடம் காட்டினேன், வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.